சாவிக்குள் ஓர் எண்

சாவிக் கடையில் ஒரு சாவியைக் கொடுத்தால், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதைப் போலவே இன்னொன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து போட்டுத் திருப்பினால் கதவு திறக்கிறது. இத்தனைக்கும் அதை வெட்டிய இயந்திரம் நம் வீட்டுப் பூட்டைப் பார்த்ததே இல்லை. அந்தப் பூட்டுக்குள் எத்தனை ஊசிகள் இருக்கின்றன, எந்த ஊசி எவ்வளவு உயரம், செய்தது எந்த நிறுவனம் என்று எதுவும் அதற்குத் தெரியாது. ஒரு சாவியின் விளிம்பை இன்னொரு பித்தளைத் துண்டின் மேல் இறக்குவது மட்டுமே அது செய்த வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே பிசகுகிறது, பிசகைத் திருத்த என்னென்ன இயந்திரங்கள் வந்தன என்று வரிசையாகப் பார்த்தால், சாவியில் நாம் நகலெடுக்க வேண்டியது எதை என்பதும் விளங்கிவிடும்.

பூட்டு என்ன கேட்கிறது?

வீட்டுக் கதவுகளில் இன்று பெருவாரியாக இருப்பது ஊசிப் பூட்டு. மரத்தால் செய்த ஊசிப் பூட்டுகள் பண்டைய எகிப்திலேயே இருந்தன. அமெரிக்காவின் லைனஸ் யேல் 1848-இல் உலோகத்தில் ஒரு வடிவம் செய்து காப்புரிமை பெற்றார். அதே பெயர் கொண்ட அவர் மகன் 1861-லும் 1865-லும் பெற்ற காப்புரிமைகளோடுதான், ஓரத்தில் பல் வெட்டிய தட்டையான சிறு சாவி இன்றைய உருவத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்தப் பூட்டில் அசையாத வெளிக்கூடு ஒன்று, அதற்குள் சுழலும் உருளை ஒன்று. இரண்டையும் ஊடுருவி வரிசையாக ஐந்தோ ஆறோ துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஊசிகள், அவற்றுக்கு மேலே ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் அழுத்த, மேல் ஊசியில் பாதி உருளைக்குள்ளும் பாதி கூட்டுக்குள்ளும் குறுக்கே கிடக்கும். அதனால் உருளை சுழலாது. சாவி நுழைந்ததும் கீழ் ஊசிகள் அதன் பள்ளங்களில் வந்து உட்காரும். எல்லாப் பள்ளங்களின் ஆழமும் சரியாக இருந்தால், கீழ் ஊசியும் மேல் ஊசியும் சந்திக்கும் இடங்கள் எல்லாம் உருளையும் கூடும் பிரியும் கோட்டில் ஒரே வரிசையாக வந்து நிற்கும். அப்போது தடை எதுவும் இல்லை. சாவியோடு உருளையும் திரும்பும். ஒரே ஓர் ஊசி கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நின்றால்கூடத் திரும்பாது.

ஆக, பூட்டு சாவியிடம் கேட்பது இரண்டே கேள்விகள்: பள்ளம் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில்? பள்ளங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் சரிவுகள் சாவி உள்ளே போகவும் வெளியே வரவும் ஊசிகளுக்கு வழி விடுவதற்காக இருப்பவை.

இந்த ஆழத்தை உற்பத்தியாளர்கள் இஷ்டத்துக்கு வைப்பதில்லை. படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வீடுகளில் பரவலாக உள்ள ஷ்லேக் பூட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சாவியில் ஆழம் 0 முதல் 9 வரை பத்துப் படிகள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளி 0.381 மி.மீ. 0 என்ற படியில் சாவியின் அடி விளிம்பிலிருந்து 8.51 மி.மீ. உலோகம் மிஞ்சியிருக்கும், 9 என்ற படியில் 5.08 மி.மீ. மட்டும். ஐந்து ஊசிப் பூட்டு என்றால் அந்தச் சாவி ஓர் ஐந்து இலக்க எண். 3-5-1-6-2 என்று எழுதிவிட்டால் சாவியின் பல் முழுவதையும் சொல்லியாகிவிட்டது. கணக்குப்படி ஒரு லட்சம் எண்கள் வரும். பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்களுக்கு நடுவே மிகச் செங்குத்தான இறக்கம் வந்தால் ஊசி சிக்கும் என்பதால் சிலவற்றைத் தவிர்த்துவிடுகிறார்கள். இன்னொரு அமெரிக்கப் பூட்டான குவிக்செட்டில் படிகள் ஆறு, இடைவெளி 0.584 மி.மீ. ஐந்து ஊசிக்கு 7,776 எண்கள். படி அகலமாக இருப்பதால் சுமாராக வெட்டிய சாவியையும் அது ஏற்றுக்கொள்ளும். ஷ்லேக் அவ்வளவு இளகாது. சாவிக்குள் இப்படி ஓர் எண் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இயந்திரத்துக்கு வருவோம்.

இரண்டு முனைகள், ஒரே அசைவு

கடைகளில் சாதாரணமாகப் பார்க்கும் நகல் இயந்திரத்தில் அருகருகே இரண்டு பிடிகள் இருக்கும். இடது பக்கத்தில் பழைய சாவி, வலது பக்கத்தில் பல் வெட்டாத புதுச் சாவி என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் அந்த வெற்றுச் சாவியை பிளாங்க் என்பார்கள். இரண்டு பிடிகளும் நகரும் ஒரே தாங்கியின் மேல் இறுக்கப்பட்டிருப்பதால் ஒன்று எவ்வளவு அசைகிறதோ மற்றதும் அவ்வளவே அசையும். பழைய சாவிக்கு எதிரே அசையாத ஒரு தொடுமுனை, கடைமொழியில் கைடு. பிளாங்குக்கு எதிரே மோட்டாரில் சுழலும் வெட்டுச் சக்கரம்.

தாங்கியை ஸ்பிரிங் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய சாவியின் விளிம்பு கைடில் முட்டி நிற்கும். கடைக்காரர் தாங்கியைப் பக்கவாட்டில் நகர்த்த, கைடு சாவியின் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும். பள்ளம் வரும்போது தாங்கி முன்னே போகிறது. பிளாங்கும் கூடவே போய்ச் சக்கரத்தில் ஆழமாகப் பதிகிறது. மேடு வரும்போது தாங்கி பின்வாங்குகிறது. பிளாங்கும் சக்கரத்தை விட்டு விலகுகிறது. ஒரு முறை போய் ஒரு முறை திரும்பினால் பித்தளைத் தூள் பறந்து பல் உருவாகிவிடும். அளவெடுத்தல், கணக்குப் போடுதல் என்று எதுவும் நடப்பதில்லை. கைடின் பாதைதான் சக்கரத்தின் பாதை.

சாவிக்கு வருவதற்கு முன்பே இந்த எண்ணம் துப்பாக்கிக்கு வந்துவிட்டது. தாமஸ் பிளாஞ்சர்ட் என்ற அமெரிக்கர் 1819-இல் காப்புரிமை பெற்ற கடைசல் இயந்திரம், துப்பாக்கியின் மரக்கட்டையை நகலெடுத்தது. ஒரு சக்கரம் மாதிரிக் கட்டையின் மேல் உருண்டு வளைவுகளைத் தடவும்; அதோடு இணைந்த இன்னொரு சக்கரம் அதே வளைவுகளைப் புதிய மரத்தில் செதுக்கும். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் இந்த இயந்திரம் ஓடியது. கைத்திறனுள்ள தச்சர் ஒருவர் இழைத்து இழைத்துக் கொண்டுவர வேண்டிய ஒழுங்கற்ற வடிவத்தை, தடவும் சக்கரம் ஒன்று வழிகாட்ட, இயந்திரமே செதுக்கலாம் என்று காட்டிய கருவி அது. சாவி இயந்திரமும் அதே கொள்கையில்தான் இயங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கைடின் முனையும் சக்கரத்தின் விளிம்பும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். கைடு கூராகவும் சக்கரம் தடிமனாகவும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூரான கைடு குறுகலான பள்ளத்தின் அடிவரை போய்விடும். கூடவே தடித்த சக்கரமும் அதே ஆழத்துக்கு இறங்கும். ஆனால் அதன் அகலம் பள்ளத்தின் இரு கரைகளையும் சேர்த்துத் தின்றுவிடும். தலைகீழாக, கைடு தடிமனாக இருந்தால் பள்ளத்தின் வாயிலேயே சிக்கி அடியைத் தொடாது; நகலில் பள்ளம் ஆழம் குறைந்து நிற்கும். இரண்டும் ஒரே வடிவமாக இருந்தால்தான், கைடின் வடிவத்தால் வரும் விலகலைச் சக்கரத்தின் வடிவம் ஈடுசெய்து, மூலத்தின் விளிம்பு நகலில் அப்படியே விழும். அதனால்தான் சக்கரத்தை மாற்றும்போது கைடையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள்.

இன்னொன்று, சக்கரம் தேயும். அதிவேக எஃகிலோ டங்ஸ்டன் கார்பைடிலோ செய்திருந்தாலும் ஆயிரக்கணக்கான சாவிகளை வெட்டியபின் அதன் விட்டம் இம்மியளவு குறையும். கைடு நின்ற இடத்திலேயே நிற்கும். சக்கரம் மட்டும் பின்வாங்கியது போலாகும். அதன்பின் வெட்டும் ஒவ்வொரு சாவியிலும் பள்ளங்கள் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். நல்ல கடைக்காரர் அவ்வப்போது இதைச் சோதிப்பார். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பிளாங்குகளை இரு பிடிகளிலும் மாட்டி, ஒன்று கைடைத் தொடும்போது மற்றது சக்கரத்தை மயிரிழையாய் உரசுகிறதா என்று பார்ப்பார். உரசாவிட்டால் கைடுக்குப் பின்னால் உள்ள நுண்திருகைத் திருகிச் சரிசெய்வார். ஒரு கடையில் வெட்டிய சாவிகள் தொடர்ந்து சிக்கினால், பெரும்பாலும் இந்தத் திருகில்தான் விடை இருக்கும்.

வெட்டுவதற்கு முன்னும் பின்னும்

பல் வெட்டுவதைவிடப் பொருத்தமான பிளாங்கைத் தேர்ந்தெடுப்பது பல சமயம் கடினமான வேலை. சாவியின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் பள்ளங்களைக் கவனித்திருப்பீர்கள். பூட்டின் வாயில் அவற்றுக்கு ஒத்த வரம்புகள் இருக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம், வகைக்கு வகை இவை மாறும். கடைச் சுவரில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் பிளாங்குகள் அந்த வேறுபாடுகளுக்காகத்தான். கிட்டத்தட்ட ஒத்துப்போகும் பிளாங்கும் பூட்டுக்குள் நுழைந்துவிடும். ஆனால் உள்ளே தளர்வாக ஆடும். சற்றே சாய்ந்து நிற்கும். பல் எவ்வளவு துல்லியமாக வெட்டப்பட்டிருந்தாலும், சாவி சாய்ந்தால் ஊசிகளின் உயரமும் மாறிவிடும்.

அடுத்தது தோள். சாவியின் தலையும் அலகும் சேரும் இடத்தில், பூட்டின் முகப்பில் முட்டி நிற்கும் படிதான் தோள். பள்ளங்களின் இடமெல்லாம் அங்கிருந்தே அளக்கப்படுகிறது. இயந்திரத்தில் மடக்கி நிமிர்த்தும் ஓர் இரட்டைக் கவை உண்டு. அதை நிமிர்த்தி, இரு சாவிகளின் தோளும் அதில் முட்டும்படி வைத்து, பிடிகளை இறுக்கிவிட்டு, கவையை மடக்கிய பிறகே மோட்டாரைப் போட வேண்டும். இதில் அரை மில்லிமீட்டர் பிசகினால் ஆழமெல்லாம் சரியாக இருந்தும் பள்ளங்கள் மொத்தமாக நகர்ந்துவிடும். ஊசிகள் பள்ளத்தில் உட்காராமல் சரிவில் ஏறி நிற்கும். தோளே இல்லாத சாவிகளும் உண்டு. அவற்றை நுனியை வைத்துப் பொருத்த வேண்டும். எதை எதனால் பொருத்துவது என்று பார்த்தவுடன் சொல்வது அனுபவத்தால் வரும் தேர்ச்சி.

பித்தளையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. இழுத்துக்கொண்டு வராமல் சிறு சிறு துகளாக உதிரும், சக்கரத்தைச் சீக்கிரம் மழுக்காது, துருப்பிடிக்காது. இன்னும் உறுதி வேண்டும் என்றால் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஜெர்மன் சில்வரில் செய்கிறார்கள். வெட்டி முடித்த சாவியின் ஓரங்களில் மெல்லிய பிசிறு நிற்கும். இயந்திரத்தின் பக்கத்தில் சுழலும் பிரஷில் அதைத் தேய்த்து எடுத்தாக வேண்டும். பிசிறோடு போட்டால் சாவி உள்ளே சிக்கும். உதிரும் பிசிறு பூட்டுக்குள் ஊசித் துளைகளிலேயே தங்கும். அதே நேரம், பிரஷில் அழுத்தித் தேய்த்தால் பல்லே தேய்ந்துவிடும். தொட்டும் தொடாமலும் காட்டி எடுப்பதுதான் சரி.

சாவிக்கு ஏற்ற இயந்திரம்

விளிம்பில் பல் வெட்டும் சாவிக்கு இந்த இயந்திரம் போதும். மற்ற சாவிகளுக்கு அதே கொள்கை வேறு வேறு உடலெடுக்கிறது.

நெம்புத்தகட்டுப் பூட்டுகளை, அதாவது லீவர் பூட்டுகளை முதலில் பார்ப்போம். திண்டுக்கல் பூட்டு இந்த இனத்தைச் சேர்ந்தது. பூட்டுக்குள் அடுக்கியுள்ள தகடுகள் ஒவ்வொன்றையும் சாவி குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது என்ற அமைப்பை இங்கிலாந்தின் ராபர்ட் பேரன் 1778-இல் கொண்டுவந்தார். இதன் சாவி பெரும்பாலும் உருண்டையான தண்டு. நுனியில் ஒரு சிறு கொடி போன்ற தகடு. அதில் செங்குத்தான வெட்டுகள். இதற்கான இயந்திரத்தில் சரிவான விளிம்புள்ள சக்கரம் உதவாது. இரு பக்கமும் நேராக உள்ள மெல்லிய வட்டத் தகடு வெட்டும். அதே தடிமனில் ஒரு தகடு கைடாக நிற்கும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகள் கைவேலையாகச் செய்யப்படுபவை. அங்கே சாவியை அந்தந்தப் பூட்டின் தகடுகளுக்கு ஏற்ப அரத்தால் ராவி எடுக்கிறார்கள். உற்பத்தியாளரின் எண் பட்டியல் என்று ஒன்று அதற்குக் கிடையாது. பூட்டைப் பற்றிய ஒரே ஆவணம் அதன் சாவிதான். அது தொலைந்தால் பூட்டிடமே போய்க் கேட்க வேண்டும்.

அடுத்தது குழிச் சாவி. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சாவி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். இதில் விளிம்பில் பல் கிடையாது. தட்டையான முகத்தில் வெவ்வேறு ஆழங்களில் கூம்புக் குழிகள் இருக்கும். சுவிட்சர்லாந்தின் காபா நிறுவனம் 1934-இல் கொண்டுவந்த பூட்டிலிருந்து பரவிய வடிவம் இது. இரு முகங்களிலும் ஒரே குழிகள் இருப்பதால் எப்படிப் போட்டாலும் திறக்கும். சுழலும் வட்டச் சக்கரத்தால் குழி தோண்ட முடியாது. அதற்குச் செங்குத்து இயந்திரம் வேண்டும். மேலிருந்து கீழாக இரண்டு முனைகள் இணைந்தே இறங்கும்: ஒன்று தொடும், மற்றது சுழன்று துளையிடும். சாவிகள் கீழே படுத்திருக்கும். கடைக்காரர் பழைய சாவியின் குழிக்கு நேராகத் தொடுமுனையைக் கொண்டுபோய் இறக்க, அதே இடத்தில் அதே ஆழத்தில் புதுச் சாவியில் குழி விழும்.

பல கார்களின் சாவிகளில் முகத்தின் நடுவே பாம்பு நெளிவது போல ஒரு வாய்க்கால் ஓடும். லேசர் சாவி என்று சொல்கிறார்கள். வெட்டுவது என்னவோ சிறு அரவைமுனைதான். குழிச் சாவிக்கான செங்குத்து இயந்திரமே இதற்கும் பயன்படும். முனையை இறக்கியபின் எடுக்காமல் வாய்க்காலின் கரையை ஒட்டியே ஓட்டிச் செல்ல வேண்டும். குழாய் வடிவச் சாவிகளுக்கு இன்னொரு சிறு இயந்திரம் உண்டு. குழாயின் வாய் விளிம்பில், கடிகார முகத்தில் மணிகள் நிற்பது போல, வட்டமாக வெட்டுகள் வரும். ஒரு வெட்டு முடிந்ததும் சாவியைக் குறிப்பிட்ட கோணம் திருப்பி அடுத்ததை வெட்டுவார்கள்.

நகலின் நகல்

இதுவரை பார்த்த எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. அவை முன்னால் உள்ள சாவியை முழுமையாக நம்புகின்றன. அதில் தேய்மானம் இருந்தால் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டுகின்றன.

பத்து வருடம் பையிலும் பூட்டிலும் உரசிய சாவியின் மேடுகள் மழுங்கியிருக்கும்; பள்ளங்களின் அடியும் கொஞ்சம் இறங்கியிருக்கும். பூட்டின் ஊசிகளும் அந்தச் சாவியோடு சேர்ந்தே தேய்ந்திருப்பதால் அது வீட்டில் திறந்துகொண்டிருக்கும். ஷ்லேக் சாவியில் 4-ஆம் படியின் உயரம் 6.99 மி.மீ. தேய்ந்து 6.93 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை நகலெடுக்கும் இயந்திரம் 0.04 மி.மீ. அதிகமாக வெட்டுகிறது. நகலில் 6.89. அந்த நகலிலிருந்து இன்னொரு நகல், வேறொரு கடையில், வேறொரு இயந்திரத்தில். அங்கும் அதே அளவு பிசகினால் 6.85. இத்தனைக்கும் எந்தக் கடைக்காரரும் பெரிய தவறு எதையும் செய்யவில்லை. ஆனால் துல்லியமான பூட்டுகள் பொறுத்துக்கொள்வது ஏறத்தாழ 0.05 மி.மீ. அளவுக்குத்தான். சாவி முதலில் கொஞ்சம் ஆட்டினால் திறக்கும்; பிறகு தூக்கிப் பிடித்தால் திறக்கும்; ஒரு நாள் திறக்காது. பூட்டு பழசாகிவிட்டது என்று நினைத்துப் பூட்டையே மாற்றுகிறோம்.

எண்ணால் வெட்டும் இயந்திரங்கள்

கோலத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து ஒருவரிடமிருந்து ஒருவர் போட்டால் நாலாவது வாசலில் அது கோணிக்கொள்ளும். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை, கோடு எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது என்று கணக்கு தெரிந்துவிட்டால் நூறாவது வாசலிலும் அதே கோலம் விழும். சாவிக்கும் அப்படிப் புள்ளிக் கணக்கு உண்டு என்பதைத்தான் தொடக்கத்தில் பார்த்தோம். அந்தக் கணக்கிலிருந்து சாவி வெட்டுவதற்கென்றே ஒரு வகை இயந்திரம் இருக்கிறது.

அதில் பழைய சாவிக்கு இடமே இல்லை. பிளாங்கை மாட்டி, இந்தப் பூட்டு வகையில் முதல் பள்ளம் தோளிலிருந்து எவ்வளவு தூரம், அடுத்தது எவ்வளவு தூரம் என்ற அட்டவணைப்படி இடத்தை அமைக்கிறார்கள். பிறகு ஆழத்தின் எண்ணைத் திருகில் வைத்து ஒவ்வொரு பள்ளமாக வெட்டுகிறார்கள். இடுக்கி போலக் கையால் அழுத்தி, பள்ளம் பள்ளமாகக் கடித்தெடுக்கும் சிறு கருவிகளும் இந்த இனத்தில் உண்டு. அவற்றுக்கு மின்சாரம்கூட வேண்டாம். இப்படி வெட்டிய சாவியில் 4 என்றால் 6.99 மி.மீ.தான். பழைய சாவி எவ்வளவு தேய்ந்திருந்தாலும் புதுச் சாவி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் அளவோடு பிறக்கிறது.

எண் எங்கே கிடைக்கும்? சில பூட்டுகளில் முகப்பிலேயே பொறித்திருப்பார்கள்; சிலவற்றில் சாவியின் தலையில் இருக்கும். புதுக் கார் வாங்கும்போது சாவியோடு சிறு உலோகத் தகட்டிலோ அட்டையிலோ தருவதுண்டு. சில எண்கள் ஆழத்தை நேராகவே சொல்பவை. மற்றவை மறைமுகமானவை, உற்பத்தியாளரின் அட்டவணையில் தேடினால்தான் ஆழம் தெரியும்.

எண்ணே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? இன்றைய கணினி இயந்திரங்கள் அதற்கும் வழி கண்டுவிட்டன. சில இயந்திரங்கள் பழைய சாவியின் நிழலுருவைக் கேமராவால் பார்க்கின்றன. சில, மெல்லிய உலோக முனையால் சாவியைத் தொட்டுப் பார்க்கின்றன. முனை சாவியைத் தொட்ட நொடியில் மின்சுற்று மூடிக்கொள்ளும்; அந்த இடத்தின் அளவை இயந்திரம் குறித்துக்கொள்ளும். இப்படி அளந்தபின் அது வெறுமனே அப்படியே வெட்டிவிடுவதில்லை. தன் நினைவகத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. தேய்ந்த சாவியில் 6.90 மி.மீ. என்று அளவு வந்தால், அந்த வகைப் பூட்டில் 6.90 என்று ஒரு படியே கிடையாது என்று அதற்குத் தெரியும். மேலே 6.99, கீழே 6.60. அருகில் இருப்பது 6.99, ஆகவே இது 4. தேய்மானம் அரைப் படியைத் தாண்டாதவரை, அதாவது 0.19 மி.மீ.-க்குள் இருக்கும்வரை, இந்த முறை மூலச் சாவியையே மீட்டுத் தருகிறது. பழைய இயந்திரம் பிழையைக் கடத்தியது. இது பிழையைத் திருத்துகிறது. வடிவத்தைத் தொடர்வதற்கும் தகவலைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வடிவம் மட்டும் போதாத சாவிகள்

எண் தெரிந்தால் யாரும் வெட்டலாம் என்பது பூட்டுக்காரர்களுக்குக் கவலை தரும் செய்தி. அதனால் சாவிக்குள் வேறு தகவல்களையும் சேர்த்தார்கள். அமெரிக்காவின் மெடெகோ சாவியில் பள்ளங்கள் நேராக மட்டும் இல்லாமல் இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்தும் வெட்டப்பட்டிருக்கும். ஊசி சரியான உயரத்துக்கு ஏறினால் போதாது. சரியான கோணத்துக்குத் திரும்பவும் வேண்டும். சாதாரண இயந்திரத்தில் ஆழம் வரும், சாய்வு வராது. சாவியின் உடலிலேயே அசையும் சிறு உறுப்பை வைத்த பூட்டுகள் உண்டு. ஆஸ்திரியாவின் எவா நிறுவனம் காந்தத் துண்டுகள் பதித்த சாவியைச் செய்கிறது. காந்தத்தின் திசையை எந்தக் கைடும் தடவி அறிய முடியாது.

காரில் வந்த மாற்றம் இன்னும் பெரியது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சில்லு. சாவி போடும் இடத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். சுருள் பொதுவாக 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் காந்தப் புலம் எழுப்ப, அந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் பெற்றுச் சில்லு விழித்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். கார் அதை ஏற்றால்தான் இன்ஜின் ஓடும். ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களில் இத்தகைய தடுப்பைக் கட்டாயமாக்கியது. சில்லில்லாத நகல் சாவியால் கதவு திறக்கும், இன்ஜின் ஓடாது.

முதலில் வந்த சில்லுகள் எப்போதும் ஒரே எண்ணைச் சொல்லின. அந்த எண்ணைப் படித்து வேறொரு சில்லில் எழுதிவிட முடிந்தது; அதுவும் ஒரு வகை நகல் இயந்திரமே. பிறகு வந்தவை ரகசியத்தை வெளியே சொல்வதே இல்லை. கார் ஒரு கேள்வி எண்ணைக் கேட்கும்; சில்லு தன் ரகசியத்தை வைத்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்பும். ஒட்டுக்கேட்பவருக்குக் கேள்வியும் விடையும் கிடைக்கும், ரகசியம் கிடைக்காது. ஆனால் ரகசியம் சிறியதாக இருந்தால் இதுவும் உடையும். பல லட்சம் கார்களில் இருந்த, 40 பிட் ரகசியம் கொண்ட ஒரு சில்லை, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005-இல் உடைத்துக் காட்டினார்கள். அதன்பின் இன்னும் நீளமான ரகசியங்களை நோக்கித் தொழில் நகர்ந்தது.

புகைப்படமும் ஒரு நகல்தான்

சாவி ஓர் எண் என்றால், அந்த எண்ணைப் படிக்கச் சாவியைக் கையில் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2008-இல் இதை நிரூபித்தார்கள். கட்டடக் கூரையில் நின்று, 195 அடி தொலைவில் மேசைமேல் கிடந்த சாவிக் கொத்தைத் தொலைநோக்கு லென்ஸால் படமெடுத்தார்கள். படத்தின் சாய்வைச் சரிசெய்து பள்ளங்களின் ஆழத்தைக் கணக்கிட ஒரு மென்பொருள் எழுதினார்கள். சாவியின் எண் கிடைத்தது.

அடுத்த பாடம் நாளிதழிலிருந்து வந்தது. அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரிகள் பயணிகளின் பெட்டிகளைத் திறக்க வைத்திருக்கும் பொதுச் சாவிகளின் படம் 2014-இல் வாஷிங்டன் போஸ்ட்டில் வெளியானது. அந்தப் படத்தின் வழியே உருவான முப்பரிமாண வரைவுகள் 2015-இல் இணையத்தில் பரவின. முப்பரிமாண அச்சு இயந்திரம் உள்ள எவரும் அந்தச் சாவிகளைச் செய்துகொள்ள முடிந்தது. உலோகம் கைமாறவே இல்லை, தகவல் கைமாறியது.

நாம் செய்ய வேண்டியது

இவ்வளவையும் தெரிந்துகொண்டதன் பயன் வீட்டில்தான் இருக்கிறது. புதுப் பூட்டோடு வரும் சாவிகளில் ஒன்றைப் பயன்படுத்தாமல் தனியே எடுத்து வைப்பது முதல் வேலை. நகல் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாவியைத்தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கையில் இருக்கும் தேய்ந்த நகலை அல்ல. எண் பொறித்த தகடோ அட்டையோ வந்திருந்தால் அதைச் சாவிக் கொத்திலேயே கோத்து வைக்கக் கூடாது. வீட்டுப் பத்திரத்தோடு வைக்க வேண்டும். கொத்து தொலையும் நாளில் அந்த எண்தான் உதவும். கொத்தோடு தொலைந்தால் அந்த எண்ணே எதிரியாகும்.

புதுச் சாவியை முதல் முறை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்பது நல்லது. பிடித்தால் பலங்கொண்டு திருப்பக் கூடாது. திருப்பினால் சாவி உள்ளேயே முறியும். கடைக்குத் திரும்பக் கொண்டுபோய், தோள் சரியாகப் பொருந்தியதா, பிசிறு போயிற்றா என்று பார்க்கச் சொல்லலாம். அக்கறையுள்ள கடைக்காரர் முகம் சுளிக்காமல் கைடைச் சோதித்து மறுபடி வெட்டித் தருவார். புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துப் படமெடுத்துப் பகிரும்போது பல் தெரியாமல் மறைத்துக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், முன்பு இருந்தவர்களிடம் எத்தனை நகல் இருக்கிறது என்று கணக்குக் கேட்டுப் பயனில்லை. வீட்டுக்காரரைக் கலந்துகொண்டு பூட்டின் உருளையை மட்டும் மாற்றிவிடலாம். அதற்கு ஆகும் செலவு, அந்தச் சாவியின் எண் யார் யாருக்குத் தெரியும் என்ற கவலையை முற்றாகத் தீர்த்துவிடும்.